கெழவி கை: ‘அன்னக்கிளி’யிலிருந்து ‘மெர்சல்’ வரை மருத்துவச்சி என்ன ஆனாள்?

இந்த எபிசோட் எங்க வீட்டு ஹாலில் ஆரம்பிக்கிறது.

போன மாசம் ரெண்டு வாரம் திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன். வொர்க் ஃப்ரம் ஹோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரொடக்‌ஷனில் ஏதோ பிரச்சினை என்று மடியில் லேப்டாப்பை வைத்து லாக் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் ‘கருத்தம்மா’ ஓடியது. அப்பத்தா கீழே கால் நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. பெண் குழந்தை பிறந்து, அதைக் கொல்வதற்கான ஏற்பாடு நடக்கிற கட்டம் வந்தது. அப்பத்தா ரிமோட்டை எடுத்து சத்தத்தை மட்டும் குறைத்தது. சேனலை மாற்றவில்லை. அப்புறம், என்னிடம் இல்லை, டிவியிடம் சொன்னது:

“கெழவி கையத்தான் காட்டுறாய்ங்க. அந்தக் கை எத்தன புள்ளைய வெளிய எடுத்துருக்குன்னு எவனாச்சும் காட்டுறானா?”

அப்பத்தாவோட அம்மா ஒரு மருத்துவச்சி. செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி போகிற பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பேர் வேண்டாம், காரணம் கடைசியில் வரும். ஆத்தா பிரசவம் பார்க்கும் என்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். ஆனால் அதை ஒரு குடும்பத் தகவலாகத்தான் வைத்திருந்தேனே தவிர, அது ஒரு வரலாறு என்று தோன்றியதே இல்லை. நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். வரலாற்றை முறையாகப் படித்தவன் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் போகிறேன்: நம்ம சினிமா இந்த மருத்துவச்சியை எப்போதெல்லாம் காட்டியது, அதே சமயம் வெளியே நிஜத்தில் என்ன நடந்தது, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அந்த வார்த்தை. இன்றைக்கு ‘மருத்துவர்’ என்றால் வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப். ஆனால் தமிழ்நாட்டில் முடி திருத்தும் சமூகத்துக்கும் ‘மருத்துவர்’ என்றுதான் பேர். அது பார்த்த வேலையிலிருந்து வந்த பேர். கத்தி பிடிக்கத் தெரிந்தவர் கட்டியையும் கீறுவார், காயத்துக்கு மருந்தும் கட்டுவார். இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. லண்டனில் நாவிதர்களும் அறுவை வைத்தியர்களும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். அங்கே பிரிந்துபோன சர்ஜன் பெரிய மனுஷன் ஆகிவிட்டார். இங்கே மெடிக்கல் காலேஜ் வந்தபோது பேர் மட்டும் இடம் மாறியது, அந்தப் பேருக்கு உரியவர்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

அந்த வீட்டு ஆண்கள் கத்தி பிடித்தார்கள், பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். சில ஊர்களில் தலித் பெண்கள் பார்த்தார்கள். காரணம் ரொம்பச் சாதாரணமானது, ரொம்ப அசிங்கமானதும்கூட. ரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு. தீட்டான வேலை யார் தலையில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வலி வந்துவிட்டால் அதே ஆளைத் தேடி ராத்திரி ரெண்டு மணிக்கு லாந்தர் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். பிள்ளை பிறந்த மறுநாள் அவள் திண்ணைக்குக் கீழேதான் உட்கார வேண்டும். எங்க வீடும் அந்த வீடுகளில் ஒன்று. காலேஜ் முடிக்கிற வரைக்கும் நான் இதை யார்கிட்டயும் சொன்னதில்லை.

கூலி எப்படி என்று அப்பத்தாவிடம் கேட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை அறுப்புக் களத்தில் நெல். பிரசவத்துக்குத் தனியாக வெற்றிலை பாக்கு, கொஞ்சம் காசு, ஒரு சேலை. “ஆம்பளப் புள்ளைன்னா சேலை. பொட்டப்புள்ளைன்னா வெத்தல பாக்கோட சரி.” என் துறையில் இன்சென்டிவ் டிசைன் என்று ஒன்று பேசுவார்கள். ஒரு சிஸ்டம் எதை விரும்புகிறது என்று தெரிய, அது எதற்குக் காசு கொடுக்கிறது என்று பார்த்தால் போதும்.

சரி, ரொமான்டிசைஸ் பண்ண வேண்டாம். ஆத்தா கொடி அறுத்தது ஆரம்பத்தில் அரிவாளால். அறுத்த இடத்தில் சாம்பல் வைப்பார்கள். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். கொடி வழியாக அது உள்ளே போனால், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை ஒரு வாரத்துக்குள் வாயைத் திறக்க முடியாமல், உடம்பு விறைத்துச் செத்துப்போகும். ஜன்னி கண்டது, தோஷம் தட்டியது என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அதை நிறுத்தியது கர்ப்பிணிக்குப் போடும் டிடி ஊசியும், புது பிளேடும், சோப்பும், கொதிக்க வைத்த நூலும்தான். மருத்துவச்சிகளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, அந்த பிளேடையும் சோப்பையும் ஒரு பொட்டலமாகக் கையில் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் கொஞ்ச காலம் நடத்தியது. இந்தியாவில் தாய்–சேய் டெட்டனஸ் ஒழிக்கப்பட்டுவிட்டது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நவீன மருத்துவம் வேண்டாம் என்று பேசுகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இந்த ஒரு வியாதியைத்தான்.

இப்ப சினிமாவுக்கு வருவோம்.

1976, ‘அன்னக்கிளி’. தேவராஜ்–மோகன் இயக்கம். இளையராஜாவின் முதல் படம் என்று எல்லோருக்கும் தெரியும். பாட்டும் தெரியும். ஒரு கேள்வி: அந்தப் படத்தில் சுஜாதா செய்கிற அன்னம் என்ன வேலை பார்க்கிறாள்? நான் கேட்ட நண்பர்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கும் போன மாசம்தான் தெரியும். அன்னம் ஒரு மருத்துவச்சி. ஆர். செல்வராஜ் கொண்டுவந்த கதையே ஒரு மருத்துவச்சியைப் பற்றியதுதான், பஞ்சு அருணாச்சலம் அதைத் திரைக்கதையாக எழுதினார். தமிழ் சினிமாவின் இசையையே மாற்றின படம், அதன் கதாநாயகி ஊருக்குப் பிரசவம் பார்க்கிற பெண். படம் அவளை நல்லவளாக, துடுக்கானவளாக, எல்லோருக்கும் வேண்டியவளாகக் காட்டுகிறது. ஆனால் வாழ விடவில்லை. அவள் விரும்புகிற வாத்தியார் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறார், முடிவில் அன்னம் செத்துப்போகிறாள். ஊருக்கே பிள்ளை எடுத்துக் கொடுத்தவளுக்கு அவள் மடியில் ஒன்று இல்லை.

அடுத்த வருஷம், 1977, ‘16 வயதினிலே’. பாரதிராஜாவின் முதல் படம். சப்பாணி, பரட்டை, மயிலு பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? நான் சொல்ல வந்தது நாலாவது ஆளை. பட்டணத்திலிருந்து ஊருக்கு வருகிற டாக்டர். மாட்டு டாக்டர்தான், ஆனால் டாக்டர். பேன்ட், சட்டை, படிப்பு. மயிலு அவனிடம் ஏமாறுகிறாள். ஊருக்குள் நவீன மருத்துவம் நுழைகிறபோது சினிமா அதன் மேல் பட்ட சந்தேகம் அந்தப் பாத்திரத்தில் இருக்கிறது: இவன் நம்ம ஆள் இல்லை, இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போய்விடுவான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா, சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவர். அதாவது கிராமத்துக்குள் அரசாங்கத்தின் மருத்துவத்தைக் கொண்டுபோகிற சங்கிலியில் அவரும் ஒரு கண்ணி. அப்படிப்பட்டவர் எடுத்த முதல் படத்திலேயே ஊருக்குக் கேடாக வருகிறவன் டாக்டர். பதினேழு வருஷம் கழித்து அவரே இதை அப்படியே திருப்பிப் போட்டார்.

அதற்கு முன்னால் 1986-ஐப் பார்த்தாக வேண்டும். அந்த வருஷம் ஜூனில் ‘இந்தியா டுடே’யில் எஸ்.எச். வெங்கட்ரமணி எழுதிய ஒரு கட்டுரை வந்தது. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் குழந்தைகள் பிறந்த உடனே கொல்லப்படுவதைப் பற்றி. எருக்கம்பால், அரளி, நெல்மணி என்று முறைகளோடு. அதற்குப் பிறகு நாடு முழுக்க உசிலம்பட்டி என்றால் அதுதான் அர்த்தம் என்று ஆனது. ஏற்கெனவே பட்டம் சுமந்த பகுதி அது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. எல்லாம் ஒரே வட்டாரம். அறுபது சொச்சம் வருஷத்தில் அதே சனங்களின் மேல் இன்னொரு முத்திரை. கொலை நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, நடந்தது. ஆனால் அங்கே மட்டும் நடக்கவில்லை. வட ஆற்காட்டில் கே.வி. குப்பம் பக்கத்து 12 கிராமங்களில் சாபு ஜார்ஜும் கூட இருந்தவர்களும் நடத்தி 1992-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே கொலைகள் பதிவாகியிருக்கின்றன. அதே 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியது சேலத்தில். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமெல்லாம் அது வந்தது 2001-இல்தான்.

அந்த 1986 கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கிறது. நான் நாலு தடவை திரும்பப் படித்தேன். உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் அந்தச் சமூகத்தில் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 600 பெண் குழந்தைகள் பிறக்கின்றன, அதில் சுமார் 570 குழந்தைகள் தாயோடு சேர்ந்து சொல்லாமல் கொள்ளாமல் மாயமாகிவிடுகின்றன என்று அது சொல்கிறது. ஒரு பத்திரிகையின் மதிப்பீடு, அந்த எண் துல்லியம்தானா என்று சண்டை போடலாம். எனக்கு முக்கியம் எண் இல்லை, இடம். அந்தக் குழந்தைகள் பிறந்த இடம் ஆஸ்பத்திரி. டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், ரிஜிஸ்டர் இருந்தது. கொடி அறுத்தது சுத்தமான கத்தி. அப்படியும் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியென்றால் பிரச்சினை பிரசவம் பார்க்கிற கிழவி என்று நாம் எப்படி முடிவுக்கு வந்தோம்?

பெண்ணுக்குப் பரிசம் கொடுத்துக் கூட்டிப்போன வழக்கம் போய், மாப்பிள்ளைக்கு வரதட்சணை கொடுக்கிற வழக்கம் வந்தது. நிலம் ஆண் வாரிசுக்கு. ரெண்டு பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கடனில் கிடக்கிறவன் மூன்றாவதைப் பார்த்து என்ன நினைக்கிறான் என்பது மருத்துவக் கேள்வியே இல்லை. ஆனால் ஒரு கணக்கு வழக்கை சினிமாவில் காட்டுவது கஷ்டம். ஒரு கையைக் காட்டுவது சுலபம்.

1994-இல் ‘கருத்தம்மா’ வந்தது. நேர்மையாகச் சொல்கிறேன், அது தைரியமான படம். பெரியார்தாசன் செய்த மொக்கையனை வெறும் வில்லனாகக் காட்டாமல், வறுமையும் பிடிவாதமும் கலந்த ஒரு அப்பனாகக் காட்டினது பெரிய விஷயம். இன்னொரு பெண் குழந்தையா, கொன்றுவிடு என்கிறான். ஊர் வாத்தியார் அந்தக் குழந்தையைக் காப்பாற்றி எங்கோ வளர்க்கிறார். அது ரோஸி என்ற டாக்டராகத் திரும்பி வருகிறது. முடங்கிப் படுக்கையில் கிடக்கிற அப்பனுக்கு, யார் வேண்டாம் என்று சொன்னானோ அந்த மகளே வைத்தியம் பார்க்கிறாள். குடும்ப நலன் பற்றிய சிறந்த படம் என்று தேசிய விருது. ‘போறாளே பொன்னுத்தாயி’ பாட்டுக்காக ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது, வைரமுத்துவுக்கும் அந்த வருஷம் விருது.

படத்தில் மாட்டு டாக்டர் திரும்ப வருகிறார், கவனித்தீர்களா? ராஜா செய்த ஸ்டீபன். இந்தத் தடவை நல்லவர். 1977-இல் ஊரைக் கெடுக்க வந்த ஆள், 1994-இல் ஊருக்கு வெளிச்சம். ரோஸி, ஸ்டீபன் என்ற பேர்களையும் பாருங்கள். அது சும்மா வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பக்கம் பெண்களுக்கு நவீன மருத்துவம் வந்த வழியே பெருமளவு மிஷன் ஆஸ்பத்திரிகள்தான். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வலியில் கிடக்கிற மனைவியைப் பார்க்க இடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை, டாக்டர் அவருடைய அப்பா. ஆம்பளை டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். இடா அமெரிக்கா போய்ப் படித்து 1899-இல் டாக்டராகி, திரும்பி வந்து வேலூரில் ஆரம்பித்த வேலைதான் இன்றைய சி.எம்.சி. ரோஸி அந்தப் பரம்பரை.

ஆக, படத்தின் கணக்கு இது: காப்பாற்றுவது படித்த டாக்டர், கொல்வது பழைய ஊர். அந்தப் பழைய ஊருக்கு ஒரு முகம் வேண்டும், அந்த முகம் பிரசவத்துக்கு வருகிற கிழவி. அப்பனைப் படம் கடைசியில் மன்னிக்கிறது, அவனுக்கு அழ ஒரு காட்சி கிடைக்கிறது. கிழவிக்கு அப்படி ஒரு காட்சி கிடையாது. ‘கருத்தம்மா’வுக்குப் பிறகு என் தலைமுறைக்குக் கிராமத்துப் பிரசவம் என்றாலே மனசில் வருவது கள்ளிப்பால்தான். அன்னம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

அதே 1994-இல் டெல்லியில் ஒரு சட்டம் நிறைவேறியது. கருவில் இருக்கிற குழந்தை ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பதைத் தடை செய்யும் சட்டம், செப்டம்பர் 20. ஸ்கேன் சென்டர் சுவரில் ஒரு போர்டு பார்த்திருப்பீர்கள், இங்கே பாலினம் சொல்லப்படாது, சொல்வது குற்றம் என்று. அந்தப் போர்டின் ஆதாரம் இந்தச் சட்டம்தான். கர்ப்பிணிக்கு எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இன்றைக்கும் ‘படிவம் எஃப்’ நிரப்புகிறார்கள். இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது? 1970-களின் நடுவில் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கும் முறை டெல்லிக்கு வந்தது. பிறவிக் கோளாறு கண்டுபிடிக்கத்தான் வந்தது. சீக்கிரமே பம்பாய், பஞ்சாப் பக்கமெல்லாம் கிளினிக்குகள், இப்போது சில நூறு செலவழித்தால் பின்னால் வரதட்சணையில் பல ஆயிரம் மிச்சம் என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்தன. பிறகு அல்ட்ராசவுண்ட் வந்தது, ஊசியும் தேவையில்லை.

சினிமாவில் வெள்ளைக் கோட்டு ஊரைக் காப்பாற்ற வந்த அதே வருஷம், நிஜத்தில் வெள்ளைக் கோட்டைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது. கொலை நின்றுவிடவில்லை. கிழவி கையிலிருந்து மெஷினுக்கு மைக்ரேட் ஆனது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 948 பெண் குழந்தைகள். 2001-இல் 942. 2011-இல் 943. இந்த இருபது வருஷத்தில் பிரசவங்கள் மளமளவென்று ஆஸ்பத்திரிக்குப் போயின, கிழவிகள் காணாமல் போனார்கள். எண் ஏறவில்லை. மெஷின் செய்யும் வேலையில் ரத்தம் இல்லை, அழுகை இல்லை, காட்ட ஒரு கை இல்லை. ஜெல் தடவிய வயிறும் ஒரு மானிட்டரும். அதைப் பற்றி ஒரு ‘கருத்தம்மா’ வரவில்லை.

நடுவில் ஒரு விஷயம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2011-இல் ‘7ஆம் அறிவு’ வந்தபோது நானும் விசிலடித்தவன்தான். போதிதர்மர் சீனாவுக்குப் போய் ஒரு ஊரையே தொற்றுநோயிலிருந்து காப்பாற்றுவார், நம்ம மூலிகை அறிவு என்று தியேட்டரே எழுந்து நின்றது. பாரம்பரிய மருத்துவம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், தாடியோ தவமோ உள்ள ஒரு ஆணிடம் இருந்தால் நமக்குப் பெருமை. அதுவே நாற்பது வருஷத்துக்கு முன்னால், பக்கத்துத் தெருவில், காதில் பாம்படம் போட்ட ஒரு கிழவியிடம் இருந்தால் மூடநம்பிக்கை.

2017, ‘மெர்சல்’. பாதிக் கதை நம்ம மதுரை மண்ணில். இப்போது சக்கரம் முழுசாகச் சுற்றிவிட்டது. வெற்றிமாறனின் மனைவிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டியதைக் காசுக்காக சிசேரியன் பண்ணி, மயக்க மருந்து கூடிப்போய், அவள் சாகிறாள். வில்லன் டாக்டர் டேனியல் ஆரோக்கியராஜ். 1994-இல் ரோஸி என்ற பேர் நம்பிக்கையாக இருந்தது, 2017-இல் டேனியல் என்ற பேர் பயமாகிவிட்டது. ஆஸ்பத்திரிகள் மேல் மக்களுக்கு இருந்த கோபத்தை அந்தப் படம் சரியாகப் பிடித்தது. ஜிஎஸ்டி வசனத்துக்கு நடந்த சண்டையில் இது அடிபட்டுப்போனது என் வருத்தம்.

கோபத்துக்கு ஆதாரம் உண்டு. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில். சிசேரியன் 44.9 சதவீதம். தனியாரில் மட்டும் எடுத்தால் 63.8, அரசில் 36. ஒரு சமூகத்துக்கு 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போனால் அதனால் கூடுதலாக உயிர் பிழைப்பதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இதே மூச்சில் இன்னொரு எண்ணையும் சொல்லியாக வேண்டும்: 2018–20-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு தமிழ்நாட்டில் 54, இந்திய சராசரி 97. ராத்திரியிலும் நர்ஸ் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையமும், 2008-இல் வந்த 108 வண்டியும் இல்லாமல் அது நடந்திருக்காது. நானே சிசேரியன் பிள்ளை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. அந்தக் கத்தி இல்லையென்றால் இந்த எபிசோட் இல்லை.

சினிமாவின் கோபம் தெருவுக்கு வந்தபோது என்ன ஆச்சு? 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயற்சி செய்ததில் ரத்தப்போக்கில் இறந்தார். யூடியூப் பார்த்துச் செய்தார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த சில நாட்களிலேயே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்கு வகுப்பு எடுப்பதாக விளம்பரம் செய்தவரைக் கைது செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: அந்த அறையில் கணவன் இருந்தான், செல்போன் இருந்தது. நூறு பிரசவம் பார்த்த ஒரு கை இல்லை. பாரம்பரியத்துக்குத் திரும்புகிறோம் என்று சொன்னவர்கள் பாரம்பரியத்தில் வேலை தெரிந்த ஒரே ஆளை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அந்த ஆள் கிடைக்கவும் மாட்டாள், செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அதே 2018 டிசம்பரில் இந்திய அரசாங்கம் மிட்வைஃப் சேவைக்கான வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. நர்ஸுகளுக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து, சாதாரணப் பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விடுவதற்கு. சிசேரியனைக் குறைக்க உலகம் கண்டுபிடித்த வழி அதுதான். மருத்துவச்சி திரும்ப வருகிறாள், இந்தத் தடவை சர்டிபிகேட்டோடு. நல்லதுதான். பழையவர்களிடம் ஏதாவது கேட்டு எழுதி வைத்தோமா என்றால், இல்லை.

அதனால்தான் நான் அப்பத்தாவிடம் கேட்க உட்கார்ந்தேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், மொட்டை மாடி, எதிரே மலை. போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு முதலில் சுற்றி வளைத்தேன். என்ன எண்ணெய், என்ன கஷாயம் என்று. விளக்கெண்ணெய், பூண்டு, பெருங்காயம், பிறந்த பிள்ளையைக் கால் மேல் போட்டு வெந்நீர் ஊற்றுகிற முறை. என்னை அப்படித்தான் ஆத்தா குளிப்பாட்டியதாம். நான் பிறந்த அன்று ஆத்தா ஆஸ்பத்திரிக்கு வந்ததாம். பிரசவ வார்டுக்குள் விடவில்லை. வராண்டாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தது. “அது எடுக்காத மொதப் பேரன் நீதான்யா.”

அப்புறம் கேட்டேவிட்டேன். “அப்பத்தா, ஆத்தா எப்பவாச்சும் அந்தப் படத்துல வர்ற மாதிரி…”

ரொம்ப நேரம் பேசவில்லை. ரெக்கார்டிங்கில் பார்த்தால் நாற்பது செகண்டுதான். அப்புறம் சொன்னது:

“செய்யல. ஆனா தெரியும். ஒரு வீட்டுல மூணாவதும் பொட்டப்புள்ள. ஆத்தா கொடி அறுத்து, குளிப்பாட்டி, துணியில சுத்தி அந்த வீட்டு மாமியா கையில குடுத்துட்டு வந்துச்சு. ரெண்டாம் நாளு தண்ணி ஊத்தப் போனா, புள்ள இல்ல. வகுத்தால போயிருச்சுன்னாய்ங்க. ஆத்தா ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு கஞ்சி குடிக்கல.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன. மறு வருசம் அதே வீட்டுல வலின்னு கூப்புட்டாய்ங்க. போச்சு.”

“எப்படி அப்பத்தா போகும்? ஏன் போச்சு?”

“போகலைன்னா களத்துல நெல்லு யாரு போடுவா? அதோட, வலியில கெடக்குறது அந்தப் புள்ளத்தாச்சியில்ல.”

அந்தத் தடவை என்ன பிள்ளை என்று நான் கேட்கவில்லை. அப்பத்தாவும் சொல்லவில்லை. மலை மேல் விளக்கு எரிய ஆரம்பித்தது. போனைக் கையில் எடுத்தபோது அப்பத்தா கேட்டது, “இதையும் அந்த ரேடியோவுல போடப் போறியா?”

போடட்டுமா என்றேன்.

“போடு. ஊர்ப் பேரு போடாத. அந்தப் புள்ளைகள்லாம் இப்ப பேரன் பேத்தி எடுத்துருக்கும்.”